சல்லடைத் தெருவில் காசுகள் இருமிய வருஷம்

காசு இருமியதை முதலில் கேட்டது தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ள எங்கள் சல்லடைத் தெருவில் இன்றைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும், அமராவதியில் தண்ணீர் வந்தால்கூட மதகைத் தாங்களே திறந்துவிட்ட மாதிரி பேசுகிற ஜனம் இது. நடந்ததை நடந்தபடி சொல்ல ஒருத்தி வேண்டுமே என்று நான் சொல்கிறேன். ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடைக் கூட்டம் கலைந்து தெரு முழுக்க வெங்காயம் வதங்குகிற வாசனை அடிக்கிற நேரத்தில், பூபதி தன் வீட்டு முன்னறையில் செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வெள்ளி ரூபாயை உள்ளங்கையில் ஏந்தி, "நண்பர்களே, நூத்துக்கு நூறு ஒரிஜினல்" என்றார். காசு இருமியது.

பெரிய இருமல் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர், உட்கார்ந்திருப்பவர் சீக்கிரம் எழுந்திருக்கட்டும் என்று செருமுவாரே, அந்த அளவுதான். பூபதி காசைப் பார்த்தார். காசு மேல் இருந்த ராஜா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தூசிங்க" என்று சொல்லிவிட்டுப் பூபதி காசை வேட்டியில் துடைத்து மறுபடியும் காட்டினார், மறுபடியும் ஒரிஜினல் என்றார், அது மறுபடியும் இருமியது, மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு இருமியது, அப்படியும் பெங்களூரிலிருந்து ஒருத்தர் அதை வாங்கினார்.

எங்கள் தெரு கரூரில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கியதால் வந்த பேர். இப்போது சல்லடை எந்த வீட்டிலும் கிடையாது, எல்லா வீட்டிலும் கறுப்பு வெல்வெட் துணியும் ஒரு வட்ட விளக்கும் போனை நிறுத்திவைக்க ஒரு முக்காலியும் இருக்கின்றன. எங்கெங்கிருந்தோ வருகிற பழங்காசுகள் இங்கே வந்து, பூபதி நடத்துகிற நேரலை ஏலத்தில் ஏறி, நாகர்கோவிலுக்கும் துபாய்க்கும் போகும். ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய காசானாலும் பூபதியின் உள்ளங்கையில் வைத்துத்தான் காட்ட வேண்டும், அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் விலை ஏறும், முடிந்துவிட்டால் காசும் திரும்பாது பணமும் திரும்பாது. ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, தொட்டுப் பார்க்காமல், திருப்பிப் பார்க்காமல், இன்னொருத்தர் வாயைப் பார்த்துக் காசு வாங்குகிறார்கள். கத்தரிக்காயைக் காம்பு கிள்ளிப் பார்க்காமல் வாங்குவார்களா இவர்கள்? எனக்கு ஆரம்பத்திலிருந்தே இது எரிச்சல்.

என் பேர் கலாமணி. பிளாஸ்டிக் குடம் கொடுத்துப் பழைய பித்தளை வாங்குகிற வியாபாரத்தில் ஆரம்பித்தவள், கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக வெயிலில் போனவள். ஒரு பித்தளைச் சொம்புக்குள் கிடைத்த அத்தனை நல்ல காசுகளையும் வாங்கிக்கொண்டு, ஜீப்பில் வந்த ஒரு பெரிய மனுஷன் பதிலுக்கு ஒரே ஒரு ரூபாயை என் கையில் வைத்தான், "வெள்ளைக்காரன் காலத்து முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய், கெடைக்கவே கெடைக்காது, உன்ற அதிர்ஷ்டம்" என்றான். முப்பத்தெட்டு தாராளமாகக் கிடைக்கும், முப்பத்தொன்பது அபூர்வம், அது உண்மைதான். எட்டின் கீழ்வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டினால் அது ஒன்பதாகிவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நான் அழவில்லை. அந்தக் காசை இடுப்பில் முடிந்துகொண்டு, பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்துப் பார்த்துப் பார்த்து, சுரண்டின இடத்தில் வெள்ளியின் தோல் எப்படிக் கிழிந்திருக்கும், சுற்றியிருக்கிற தரை எப்படி மயிரிழை பள்ளமாகி மங்கியிருக்கும் என்று கண்ணுக்குள் ஏற்றிக்கொண்டேன். அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்த போலிக் காசில் கொதித்த பால்போல் பொடிக் குமிழ் இருக்கும், எழுத்து கரைந்த சோப்புபோல் வழவழத்திருக்கும், விளிம்பில் இரண்டு பாதியும் ஒட்டின கோடு ஓடும். அதனால்தான் போலி விற்கிறவன் விளிம்பைப் படம் எடுத்துப் போடவே மாட்டான். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அடி வாங்கிக் கற்றேன், வாங்கின அடிக்குச் சேர்த்து வாயும் வளர்ந்தது.

இருமல் தெரு முழுக்கப் பரவியது. முதலில் போனில் கோளாறு என்றார்கள், போனை மாற்றினார்கள். அப்புறம் ஆடிக்காற்று என்றார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். அப்புறம் சித்த வைத்தியர் ஒருத்தர் வந்து ஆடாதோடைக் கஷாயத்தில் காசைப் போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்ல, தெருவே கசப்பு நாற்றம் எடுத்தது, காசுகள் கறுத்ததுதான் மிச்சம். தேனில் ஊறப்போட்ட காசை எறும்பு மொய்த்தது. ஒரு வீட்டில் காசு டப்பாவுக்கு விக்ஸ் தடவினார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அப்பா தன் பையில் இருந்த பழங்காசைத் தொட்டு "எங்க பரம்பரைச் சொத்துங்க" என்று சொல்ல, அது பைக்குள்ளேயே இருமி, பெண் வீட்டார் காபி டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிரதோஷத்தன்று, விழுகிற காசெல்லாம் சாமிக்குத்தான் என்று தர்மகர்த்தா சொன்னதும் கோயில் உண்டியல் இருமியபோது குருக்கள் நாதஸ்வரக்காரரைப் பார்த்தார், அவர் கொஞ்சம் சத்தமாக வாசித்தார், பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் எல்லாருக்கும் அது பழகிவிட்டது, குக்கர் விசில்போல், அடுத்த வீட்டுச் சண்டைபோல்.

பழகினதோடு விட்டிருக்கலாம். தெரு ஒரு முடிவுக்கு வந்தது. இருமுகிற காசு போலி, இருமாத காசு அசல், அவ்வளவுதான் விஷயம், இனிமேல் கண் எதற்கு என்று முடிவு செய்தார்கள். பூதக்கண்ணாடிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டார்கள், அவர் அவற்றை என்னிடமே விற்றார். தராசுகள் சமையற்கட்டுக்குப் போய்க் கடுகு நிறுத்தன. பூபதி தன் அறை வாசலில் 'இருமல் சோதனை' என்று பேனர் கட்டினார், ஏலத்துக்கு வருகிற காசெல்லாம் அவர் முன்னால் வைக்கப்பட்டு, அவர் ஒரு வார்த்தை சொல்லி, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அது சும்மா இருந்தால் விலை பறந்தது.

பூபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தனப் பொட்டு, வெள்ளை வேட்டி, பேச்சில் தேன். தெருவில் கோபமாகப் பேசி அவரை யாரும் பார்த்ததில்லை, நாய் குரைத்தால்கூட "என்னங் சாமி" என்பார். அந்த மனுஷனுடைய பேச்சு ஐப்பசியில் மாறியது. அதை நான் ஒருத்திதான் கவனித்தேன் போலிருக்கிறது. ஒரிஜினல் என்ற சொல்லை விட்டுவிட்டார். ஒரு காசைத் தூக்கி, "நண்பர்களே, இது வட்டமா இருக்குது. இதுல ராஜா தலை இருக்குது. வெளிச்சத்துல பளபளன்னு இருக்குது. கண்ணுல பாக்கறதத்தானுங்க நான் சொல்றேன், மிச்சம் உங்க இஷ்டம்" என்பார். காசு சத்தமில்லாமல் கிடக்கும். இருமல் இல்லை, ஆகவே அசல், ஆகவே விலை ஏறு ஏறு என்று ஏறும். அப்படி விற்ற ஒன்றை நான் என் போன் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். குமிழ் குமிழாகத் தெரிந்தது, எழுத்து வழவழத்தது. வார்த்த காசு, நாளைக்கு வெயிலில் வைத்தால் உருகிவிடும்போல் ஒரு வார்த்த காசு.

நான் ஏலத்தின் நடுவிலேயே கத்தினேன். "யோவ் பூபதி, விளிம்பைக் காட்டு."

"அம்மிணி, சத்தம் போடாதீங். காசு இருமுச்சா?"

"இருமவே இல்ல."

"பொறகென்னங் அம்மிணி?"

தெருவே சிரித்தது. காசு சும்மா இருக்கிறது, இந்தப் பொம்பளைதான் இருமுகிறாள் என்று யாரோ போனில் எழுத, அதன் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

அந்தச் சமயத்தில்தான் சிக்கந்தர் என் வீட்டுக்கு வந்தான். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன், பள்ளப்பட்டிக்காரன், வாயைத் திறந்தால் பூட்டிக்கொள்கிற ஆள். கூட அவன் மனைவி ஜெய்த்தூன், அவள் அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். கைக்குட்டையைப் பிரித்து ஒரு வெள்ளி ரூபாயை என் முன்னால் வைத்தாள்.

"இது எனக்கு இவரு போட்ட மஹருக்கா. நிக்காஹ்ல சபை முன்னாடி, பவுனோட சேத்து இந்த ஒத்த வெள்ளியும் தந்தேன்னு சொல்லிக் கொடுத்தாரு. இவரு அத்தா வச்சிருந்தது, நல்ல காசுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. எனக்கு வந்தப்புறம் இது என் சொத்து. நான் விக்கிறேன். இவருக்குச் சொந்தமா ஒரு கொட்டகை போட்டுக் குடுக்கோணும், அடுத்தவன் பட்டறையில கண்ணு புகைஞ்சது போதும்."

நான் பார்த்தேன். முப்பத்தொன்பது. இந்த எண்ணைப் பார்த்தாலே அந்த ஜீப்காரன் முகம் எனக்கு வரும். நிறுத்தேன், விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன், ஒன்பதின் அடியில் பூதக்கண்ணாடியை வைத்துக் கண் வலிக்கிற வரைக்கும் பார்த்தேன். வெள்ளியின் தோல் கிழியவில்லை, தரை ஒரே மட்டமாக ஓடியது. பிறந்ததிலிருந்து அது ஒன்பதாகவே இருந்த ஒன்பது.

"நெஜம்" என்றேன். "பூபதிகிட்டப் போயி நான் பார்த்தேன்னு சொல்லுங்க."

சொன்னது என் புத்தி கெட்ட வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூபதி அந்தக் காசை உள்ளங்கையில் வாங்கினார், புரட்டினார், அவர் கண் ஒரு நொடி பெரிதாகிச் சுருங்கியதைக் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் பார்த்தேன். அப்புறம் இத்தனை நாளாகச் சொல்லாத மாதிரி ஒன்றைச் சொன்னார். "நண்பர்களே, மனசு கஷ்டமா இருக்குது. இது போலிங்க. எட்டைச் சொரண்டி ஒன்பதாக்கியிருக்கறாங்க."

காசு இருமியது. அடிவயிற்றிலிருந்து, கேட்கிறவர்களுக்குத் தொண்டை வலிக்கும்படி இருமியது.

"கேட்டீங்களா" என்று பூபதி தலையை ஆட்டினார். "பாவம், வெல்டிங் பண்ற தம்பி. வெறும் வெள்ளி வெலைக்கு நானே வாங்கிக்கறேன்."

ஜெய்த்தூன் கையை நீட்டிக் காசைப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் செய்தி போனில் ஏறிவிட்டது, போனில் ஏறினது பள்ளப்பட்டிக்குப் போகாமல் இருக்குமா? அன்று சாயங்காலமே அவளுடைய அண்ணன் கூப்பிட்டு, சபை முன்னாடி போலிக் காசைக் கொடுத்து எங்க பொண்ணக் கட்டியிருக்கான், அவன் சொன்ன மத்த வார்த்தையெல்லாம் என்ன லட்சணம் என்று கேட்டான். சிக்கந்தர் போனை ஜெய்த்தூன் கையில் வைத்தான். பட்டறைக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, திண்டாடிப்போன கோழிபோல் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தான். ஜெய்த்தூன் என்னிடம் வந்து, "அக்கா, கொட்டகை கெடக்கட்டும். இந்தக் காசு நெசமா இல்லையான்னு எனக்குச் சபையில தெரியோணும். போலின்னு ஒருத்தன் ஊரக் கூட்டிச் சொன்னான்ல, நெசம்னு ஊரக் கூட்டிச் சொல்லோணும்" என்றாள்.

"காசு இருமுச்சே ஜெய்த்தூனு" என்றேன், என் வாயாலேயே. அந்தத் தெருவில் இருந்து இருந்து என் காதும் அவர்கள் காதாகிப் போயிருந்தது. சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. என் கண் நிஜம் என்றது, காது போலி என்றது, இரண்டையும் வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை.

விஷயம் பிடிபட்டது பஸ்ஸில். பக்கத்து ஊரான வாங்கலுக்குப் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய்க் காசை நீட்டினேன். நம் ஊர் கண்டக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பத்து ரூபாய்க் காசைக் கண்டால் ஆகாது, அது உங்களுக்கே தெரியும். கவர்மெண்ட் அடித்த காசு, பேங்கில் போட்டால் வாங்குகிறார்கள், செல்லும் செல்லும் என்று எத்தனை தடவை பேப்பரில் போட்டாலும் இவர்கள் காதில் ஏறாது. யார் முதலில் கிளப்பிவிட்டது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் அதனால் நானும் மாட்டேன் என்பார்கள். இவனும் காசைத் திருப்பி என் கையில் வைத்து, "இது செல்லாதுக்கா" என்றான்.

காசு இருமியது.

"பாத்தீங்களா, இருமுது. அதான் செல்லாது" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன், திறந்தபடியே நின்றுவிட்டேன். இந்தக் காசு நான் போன வாரம் பேங்கில் வாங்கிய பொட்டலத்தில் இருந்தது. இது போலியாக இருக்க வழியே இல்லை. காசை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "நீ செல்லும்" என்றேன். சும்மா இருந்தது. "நீ செல்லாது" என்றேன். இருமியது. "நீ தகரம்" என்றேன், இருமியது. "நீ வட்டம்" என்றேன், சும்மா இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் தன் குழந்தையை என்னிடமிருந்து நகர்த்தி உட்கார வைத்தாள். அடப்பாவிகளா, ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் தொண்டை கிழியக் காசு சொல்லிக்கொண்டிருந்தது என்ன, நாம் கேட்டது என்ன. தன்னை வைத்து ஒருத்தன் பொய் சொல்லும்போதுதான் காசு இருமுகிறது. போலியை அசல் என்றாலும் இருமும், அசலைப் போலி என்றாலும் இருமும். இதை ஐப்பசியிலேயே கண்டுபிடித்துக்கொண்டு, போலிக் காசின் மேல் வட்டம், பளபளப்பு என்று பொய்யில்லாத வார்த்தையாகப் பொறுக்கிப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார் பூபதி. நல்ல காசு வந்தால் மட்டும் பொய் சொல்லி இருமவைத்து வெள்ளி விலைக்கு அமுக்குகிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கண்டக்டரிடம் நடந்தே போகிறேன் என்று சொல்லிப் பாதி வழியில் இறங்கிக்கொண்டேன், வெயிலில் நடந்தால்தான் அந்த எரிச்சல் அடங்கும்.

அடங்கவில்லை. ஆனால் நடக்கும்போது ஒன்று யோசித்தேன். போய்க் கத்தினால் பூபதி என்ன செய்வார்? "அம்மிணி, கோவத்துல பேசறீங்" என்பார், வட்டம் என்பார், தெரு சிரிக்கும். பொய்யே சொல்லாத வாயை எதை வைத்துப் பிடிப்பது? அப்புறம் எனக்கு என் பிழைப்பு ஞாபகம் வந்தது. பித்தளை வாங்கப் போன வீடுகளில் நான் கற்றது ஒன்றுண்டு. கேட்ட விலையைச் சொல்லிவிட்டு நான் பேசாமல் நின்றால், எதிரில் நிற்கிறவருக்கு அந்தச் சும்மா இருப்பு தாங்காது, ஏதாவது பேசிப் பேசி அவர்களே இறங்கி வருவார்கள். தேன்வாய்க்காரர்களுக்கு அது இன்னும் தாங்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் போனேன். சிக்கந்தரை ஜெய்த்தூன் இழுத்துக்கொண்டு வந்தாள். அறை நிறைய ஆள், வாசலில் ஆள், போனுக்குள் எத்தனை ஊரிலிருந்தோ ஆள், அவளுடைய அண்ணன் உட்பட. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்தில் காசுகள், அலமாரித் தட்டுகளில் காசுகள், பூபதியின் விரல் மோதிரத்திலேயே ஒரு காசு. நான் கேமராவுக்கு முன்னால் போய் நின்று, முப்பத்தொன்பதை என் உள்ளங்கையில் வைத்து, பூபதியின் முகத்துக்கு நேராக நீட்டினேன். பேசவில்லை.

"வாங் அம்மிணி" என்றார். "என்னங், ஏதாச்சும் சொல்லோணுமா?"

நான் பேசவில்லை. என்னைத் தெரிந்த தெரு அது. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து, வெளியே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கத்தியோடு உள்ளே வந்தார்கள்.

"இந்தக் காசு போன தடவையே வந்துச்சுங், நண்பர்களே. இது வட்டமா இருக்குது" என்றார். சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. போனில், நெட் போயிடுச்சா என்று யாரோ எழுதினார்கள். என் நாக்கு வாய்க்குள் பாம்புபோல் சீறியது, பல்லைக் கடித்து அடக்கினேன், எனக்கு ஏற்பட்ட பிரசவ வலியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. பூபதி விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார். பொட்டு கரைந்து மூக்கில் இறங்கியது. "அம்மிணிக்கு என் மேல கோவம். அந்தத் தம்பி மேல எனக்கும் பாசம் இருக்குதுங். வெள்ளி வெலைக்குக் கேட்டேனே, அதுல எனக்கு என்னங் லாபம்? ஒரு பைசா லாபம் கெடையாது."

என் உள்ளங்கையில் காசு இருமியது.

பூபதி அதற்கு மேல் பேச ஆரம்பித்தார், அதை அமுக்குகிற மாதிரி, குருக்கள் நாதஸ்வரத்தை ஏற்றின மாதிரி. நான் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அவர் சுவரில் இருந்த காசுகளைக் காட்டினார், அலமாரியைக் காட்டினார், மோதிரக் கையை நெஞ்சில் வைத்தார். "எத்தன காசு என் கையில வந்து போயிருக்குது. இத்தனையும் சாட்சி. இதுங்கள வச்சு நான் ஒருத்தரையும் ஏமாத்தினதில்லை."

சுவர் இருமியது. அலமாரி இருமியது. தட்டுத் தட்டாக, வெல்வெட்டுக்கு அடியிலிருந்து, பூட்டிய இழுப்பறைக்குள்ளிருந்து, பெரியாஸ்பத்திரி நெஞ்சுநோய் வார்டுபோல் அத்தனையும் சேர்ந்து இருமின. அவர் நெஞ்சின் மேலேயே மோதிரம் இருமியது, அவர் கையை உதறினார், அது உதறலோடு சேர்ந்து இருமியது. வாங்கி அனுப்பப்பட்ட காசுகளும் அந்தந்த ஊரில் இருமியதாக அப்புறம் சொன்னார்கள், துபாயில் ஒருத்தர் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாராம்.

அப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன். பத்து ரூபாய்க் காசை எடுத்து, செல்லும், செல்லாது என்று சொல்லிக் காட்டி, விஷயத்தை விளக்கினேன். இடையில் கொஞ்சம் வசவும் சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பூபதியை மட்டும் திட்டவில்லை. கண்ணாடியைப் பேப்பர்காரனுக்குப் போட்ட ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லித் திட்டினேன். நாகர்கோவிலிலிருந்து ஸ்டீபன் சார் என்று ஒருத்தர், பல வருஷமாக வாங்குகிறவர், போனில் குரல் கொடுத்தார். "கலாமணியம்மா, அந்த முப்பத்தொன்பத நீங்களே சொல்லுங்க."

"யாரும் கை வெக்காத காசு. நெஜம்" என்றேன்.

காசு சும்மா இருந்தது.

ஜெய்த்தூன் அதை என் கையிலிருந்து எடுத்தாள். எடுத்துக்கொண்டுபோய்த் தன் புருஷன் கையில் வைத்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க. அன்னிக்குச் சபையில நல்ல காசுன்னு நம்பித்தான் எனக்குத் தந்தீங்களா?"

சிக்கந்தர் காசைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நம்பித்தான் தந்தேன்" என்றான். அந்த மாதம் முழுவதும் அவன் பேசின நீளமான பேச்சு அது.

அத்தனை பேர் காது வைத்துக் கேட்டோம். விசிறி மட்டும் சுற்றியது. ஜெய்த்தூன் போனைப் பார்த்துத் திரும்பி, "அண்ணே, கேட்டுச்சா? கேட்டுச்சுல்ல? இனி வெலையக் கேளுங்க. கேக்கறவங்க ஒழுங்கா கேளுங்க" என்றாள். ஸ்டீபன் சார் ஒழுங்காகவே கேட்டார். கொட்டகை இப்போது பைபாஸ் பக்கம் நிற்கிறது, தகரக் கூரை, முன்னால் அவள் பேரை எழுதியிருக்கிறான்.

பூபதியை யாரும் ஒன்றும் செய்யவில்லை. வாங்கினவர்களில் பாதிப் பேர் போலி வாங்கியதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டார்கள். அவர் இப்போது பழைய கடிகாரம் விற்கிறார், கடிகாரத்துக்குத் தொண்டை கிடையாது. தெருக்காரர்கள், பூபதி அப்படித்தான் என்று எங்களுக்கு முன்னாடியே தெரியும் என்கிறார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் எல்லாரும் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து வேறு எங்காவது வைத்துவிட்டுச் சொல்கிறார்கள். பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள், வாங்கின விலைக்கு இரண்டு மடங்கு சொன்னேன், கொடுத்தார்கள். பாதிப் பேர் கண்ணாடியைக் காசில் வைக்காமல் காதில் வைத்துப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன், நம்புகிறேன்.

தை மாதம் மறுபடியும் அந்த வாங்கல் பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர். நான் அதே பத்து ரூபாய்க் காசை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், காசைப் பார்த்தான், பழக்க தோஷம், "இது செல்லாதுக்கா" என்றான்.

காசு இருமியது.

முன் சீட்டுக்காரர் திரும்பினார். பின் சீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குக் குழந்தையை நகர்த்தி உட்கார வைத்த பெண்ணும் இருந்தாள், அவளும் பார்த்தாள். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒருத்தரும் காசைப் பார்க்கவில்லை, பஸ் மொத்தமும் கண்டக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை. கையை நீட்டினபடி நின்றேன், வாங்கல் வரைக்கும் நிற்க எனக்குத் தெம்பு இருந்தது.

பாலம் தாண்டுவதற்குள் அவன் டிக்கெட்டைக் கிழித்தான்.